எனக்கு மட்டும் கேட்கிற சத்தம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

வழக்கமா இந்த நிகழ்ச்சிக்கு ஒரு விருந்தினர் வருவாங்க, நான் கேள்வி கேட்பேன். இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்ல. என் காதைப் பத்தி நானே பேசப்போறேன். இதைப் பேசலாமா வேணாமான்னு ஒரு வருஷமா தள்ளிப் போட்டுட்டு இருந்தேன்.

பாட்காஸ்ட் பண்றவங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. ரெக்கார்டிங் முடிஞ்சதும் யாரும் உடனே எழுந்து போகக்கூடாது. முப்பது செகண்ட் எல்லாரும் அசையாம உட்காரணும், மைக் ஓடிட்டே இருக்கும். அந்த அறையோட வெறும் அமைதியைப் பதிவு பண்ணிக்குவோம். இதுக்கு ‘ரூம் டோன்’னு பேர். பேச்சுல ஒரு இருமலையோ தும்மலையோ வெட்டினா, அங்க விழுற ஓட்டையை இந்த அமைதியை வச்சுத்தான் அடைப்போம்.

அந்த முப்பது செகண்ட்ல எங்க டீம்ல சிலருக்கு ஏசியோட லேசான உறுமல் கேட்கும். சிலருக்கு ஒண்ணுமே கேட்காது. எனக்குக் கேட்கிறது வேற. குக்கர்ல விசில் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ‘ஸ்ஸ்ஸ்’னு ஒரு சத்தம் வரும் இல்லையா? அதை இன்னும் மெல்லிசா, இன்னும் கூர்மையா நினைச்சுக்கோங்க. அதுக்கு நடுவுல கம்பி மாதிரி ஒரு ‘ஈஈஈ’. நாலு வருஷமா அந்தக் குக்கர் அடுப்புலயே இருக்கு. விசிலும் வரல, அடுப்பையும் யாரும் அணைக்கல.

இதுக்குப் பேர் டின்னிட்டஸ். தமிழ்ல காது இரைச்சல். வெளியில எந்தச் சத்தமும் இல்லாதப்போ காதுலயோ தலைக்குள்ளயோ சத்தம் கேட்கிறது. இது இயர்போன் காலத்துப் புது வியாதி இல்ல. காது நோய்களைப் பட்டியல் போடுற சுஸ்ருத சம்ஹிதையிலயே ‘கர்ணநாதம்’னு இதுக்கு ஒரு பேர் இருக்கு. 2022ல ‘ஜாமா நியூராலஜி’ இதழ்ல பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. உலகத்துல வயசு வந்தவங்கள்ல சுமார் 14 சதவீதம் பேருக்கு, அதாவது 74 கோடிக்கும் மேல, இது ஏதோ ஒரு அளவுல இருக்குன்னு அது சொல்லுது. அதுல 12 கோடிக்கும் மேல இருக்கிறவங்களுக்கு இது வாழ்க்கையையே பாதிக்கிற பிரச்சினை.

இவ்வளவு பேருக்கு இருந்தும், எனக்கு வந்தப்போ சுத்தி இருந்த ஒருத்தருக்கும் இது புரியல. இன்னைக்குப் பேச்சு முழுக்க அதைப் பத்தித்தான்.

‘எல்லாம் நார்மல்மா’

அப்போ எனக்கு 25 வயசு. சவுண்ட் எடிட்டிங் வேலை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், டெட்லைன் இருந்தா பத்து மணி நேரம் காதுல ஹெட்ஃபோன். அந்தச் சமயத்துல சொந்தக்காரங்க வீட்டு ரிசப்ஷன் ஒண்ணு. லைட் மியூசிக் ஸ்பீக்கருக்கு நேர் முன்னாடி எங்களுக்கு இடம். பக்கத்துல இருக்கிறவங்க காதுல கத்தித்தான் பேச முடிஞ்சது. மூணு மணி நேரம் அங்கேயே இருந்தோம். வெளியே வந்தப்போ காதுல பஞ்சு அடைச்ச மாதிரி இருந்தது. காலையில பஞ்சு போயிருந்தது, சத்தம் போகல. அந்த ஒரு ராத்திரியா, பல வருஷ ஹெட்ஃபோனா, எது காரணம்னு இப்போ பிரிச்சுப் பார்க்க வழியில்ல.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துட்டு இஎன்டி டாக்டர்கிட்ட போனேன். சின்ன அறைக்குள்ள உட்கார வச்சு, பீப் சத்தம் கேட்டா பட்டனை அழுத்தச் சொன்னாங்க. அதுதான் ஆடியோகிராம். டாக்டர் பேப்பரைப் பார்த்தார். “எல்லாம் நார்மல்மா. ஒண்ணும் இல்ல. பழகிடும்.” அவ்வளவுதான். அடுத்த பேஷண்ட்டைக் கூப்பிட்டாங்க.

அவர் பொய் சொல்லல. ஆனா அந்த மூணு வரியும் எனக்கு முன்னாடியே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திடுச்சு. அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. “ஒண்ணும் இல்லையாமே!”ன்னு சித்திக்கு போன் போட்டுச் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் எப்போ சோர்ந்து உட்கார்ந்தாலும், அந்த நார்மல் ரிப்போர்ட் எனக்கு எதிரா சாட்சி சொல்ல ஆரம்பிச்சுடுச்சு. “டாக்டரே ஒண்ணும் இல்லைன்னுட்டார், நீதான் அதையே நினைச்சுட்டு இருக்க.”

அதனால ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவா சொல்லிடறேன். சாதாரண ஆடியோகிராம் பெரும்பாலும் 250 ஹெர்ட்ஸ்ல இருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பார்க்கும். அதுவும் அமைதியான அறையில, எவ்வளவு மெல்லிசான சத்தம் உங்களுக்குக் கேட்குதுன்னு பார்க்கும். உங்களுக்குள்ள என்ன கேட்குதுன்னு அது பார்க்காது. டின்னிட்டஸைக் காட்டுற ஸ்கேனும் இல்ல, ரத்தப் பரிசோதனையும் இல்ல. ‘நார்மல்’னா அந்தச் சோதனையில எதுவும் சிக்கலன்னு மட்டும்தான் அர்த்தம்.

2009ல ஷேரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன்னு அமெரிக்காவுல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளை வச்சு ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினாங்க. பெரிய சத்தம் கேட்ட எலிகளோட செவித்திறன் சில நாள்ல பழைய நிலைக்கு வந்திடுச்சு. சோதனை பண்ணினா எல்லாம் நார்மல். ஆனா உள்ள, காதோட செல்களுக்கும் நரம்புக்கும் நடுவுல இருக்கிற இணைப்புகள் நிறைய அறுந்து போயிருந்தது. மனுஷங்க காதுக்குள்ள இதை அப்படித் திறந்து பார்க்க முடியாது. ஆனா நார்மல் ரிப்போர்ட்டுக்குப் பின்னாடி சேதம் ஒளிஞ்சிருக்க முடியும்ங்கிற யோசனை அதுக்கப்புறம்தான் பலமாச்சு.

கெயின் கூட்டினா வர்ற ‘ஸ்ஸ்ஸ்’

சரி, சத்தம் எங்க இருந்து வருது?

உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு, பேர் காக்லியா. அதுக்குள்ள ஒரு காதுக்குச் சுமார் 15,000 முடிச்செல்கள். ஒலி அதிர்வை மின் சிக்னலா மாத்தி நரம்புக்குக் கொடுக்கிறது இதுங்க வேலை. பிறக்கும்போது இருக்கிறதுதான் கணக்கு, போனா திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும், நமக்கு முளைக்காது.

இந்தச் செல்களோ இணைப்போ பழுதானா, மூளைக்குப் போற சிக்னல் குறையும். அப்போ மூளை என்ன பண்ணும்? எடிட்டிங் பண்றவங்களுக்கு இது உடனே புரியும். ஒருத்தர் மைக்ல இருந்து தள்ளி உட்கார்ந்து மெல்லப் பேசியிருந்தா நாம என்ன பண்ணுவோம்? கெயினைக் கூட்டுவோம். குரல் மேல வரும், கூடவே அதுவரைக்கும் கேட்காத ‘ஸ்ஸ்ஸ்’ இரைச்சலும் மேல வரும். மூளையும் ஏறக்குறைய அதையேதான் பண்ணுதுன்னு இப்போ பலர் ஏத்துக்கிற விளக்கம் சொல்லுது. 2011ல லண்டன்ல நடந்த ஒரு ஆய்வுல, ஆடியோகிராம் நார்மலா இருந்தும் டின்னிட்டஸ் இருக்கிற பெண்களைப் பார்த்தாங்க. காது நரம்புல இருந்து கிளம்புற முதல் சிக்னல் அவங்களுக்குப் பலவீனமா இருந்தது. ஆனா மூளைத்தண்டுல மேல போகப் போக அது சாதாரண அளவுக்கு வந்துடுச்சு. நடுவுல எங்கேயோ கெயின் கூடியிருக்கு.

இன்னொரு பழைய சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1953ல ஹெல்லர், பெர்க்மன்னு ரெண்டு பேர், காது நல்லா கேட்கிற 80 பேரை ஒவ்வொருத்தரா ஒலி புகாத அறையில சில நிமிஷம் உட்கார வச்சாங்க. என்ன கேட்குதுன்னு எழுதச் சொன்னாங்க. 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதா எழுதினாங்க. ஹம்மிங், ரீங்காரம், விசில்னு. வெளிச்சத்தம் முழுசா போனா, மூளை தன்னோட இரைச்சலையே கேட்க ஆரம்பிக்கும். அந்த இயல்பு எல்லாருக்கும் இருக்கு. எனக்கு அது போகவே இல்ல, அதுதான் வித்தியாசம்.

விருந்தாளியும் வீட்டுக்காரரும்

இப்போ ஒரு கேள்வி வரும். இவ்வளவு பேருக்கு இருக்குன்னா, ஏன் சிலர் மட்டும் இதால நொறுங்கிப் போறாங்க? அவங்களுக்குச் சத்தம் அதிகமா?

நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஒப்பிட்டு அளந்து பார்த்தா, பெரும்பாலானவங்களோட டின்னிட்டஸ், அவங்களுக்குக் கேட்கிற மிக மெல்லிய சத்தத்தைவிடச் சில டெசிபல்தான் மேல இருக்கும். சத்தத்தோட அளவுக்கும் படுற கஷ்டத்துக்கும் நேரடித் தொடர்பு குறைவு. 1990ல பாவெல் ஜாஸ்ட்ரபாஃப்ங்கிற விஞ்ஞானி இதுக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். காதும் கேட்கிற நரம்பும் கதையில ஒரு பாதிதான். அந்தச் சத்தத்தை மூளையோட பயம், பதற்றம் சம்பந்தப்பட்ட பகுதிகள் எப்படி எடுத்துக்குதுங்கிறது இன்னொரு பாதி.

கோடம்பாக்கத்துல ரயில் பாதையை ஒட்டி வீடு இருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. ராத்திரி தங்க வந்த விருந்தாளி ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து உட்காருவார். வீட்டுக்காரர் அசையாம தூங்குவார். ரெண்டு பேர் காதுக்கும் ஒரே ரயில்தான். வீட்டுக்காரர் மூளை ‘இது நம்மள ஒண்ணும் பண்ணாது’ன்னு எப்பவோ முடிவு பண்ணிடுச்சு. ஆனா அதே வீட்டுல கைக்குழந்தை லேசா சிணுங்கினா அம்மா முழிச்சுக்குவாங்க. மூளை டெசிபலைப் பார்க்கிறதில்ல, எது ஆபத்து, எது முக்கியம்னு பார்க்குது.

டின்னிட்டஸ் கடுமையா இருக்கிறவங்க மூளை, அந்தச் சத்தத்தை ஆபத்துன்னு குறிச்சு வச்சிருக்கும். அதனால விடாம காவல் காக்கும். காவல் காத்தா தூக்கம் போகும். தூக்கம் போனா பதற்றம் கூடும். பதற்றம் கூடினா சத்தம் இன்னும் பெருசா தெரியும். எனக்கு இந்தச் சுழல் எட்டு மாசம் ஓடுச்சு. ராத்திரி ரெண்டு மணி நேரத் தூக்கத்தோட வேலைக்குப் போவேன். ஸ்டீல் தட்டு கீழே விழுந்தா காதுக்குள்ள ஊசி குத்தின மாதிரி இருக்கும். சாதாரண சத்தமே தாங்க முடியாம போறதுக்கு ஹைபராக்யூசிஸ்னு பேர், டின்னிட்டஸோட சேர்ந்து வர்றது சகஜம். நான் டைனிங் டேபிள்ல சாப்பிடறதை நிறுத்தினேன். பாட்டு கேட்கிறதை நிறுத்தினேன். காது என் தொழில், அதனால வேலை போயிடுமோங்கிற பயத்தை ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லவும் முடியல.

நல்ல மனசோட சொல்ற தப்பான வார்த்தைகள்

அந்தச் சமயத்துல என்கிட்ட சொல்லப்பட்டதை எல்லாம் இப்போ கோபம் இல்லாம பட்டியல் போட முடியுது.

“எனக்கும் எப்பவாவது கேட்கும்பா.” கேட்கும். சில செகண்ட் ‘கீ’ன்னு வந்துட்டுப் போறது கிட்டத்தட்ட எல்லாருக்கும் உண்டு. ஆனா கால்ல முள்ளு குத்தினவங்களும் கால் உடைஞ்சவங்களும் ‘எனக்கும் கால் வலி’ன்னு ஒரே வார்த்தையைத்தான் சொல்லுவாங்க.

“கவனிக்காதே, போயிடும்.” குரங்கை நினைக்காம மருந்து குடின்னு சொன்ன வைத்தியர் கதை நமக்கெல்லாம் தெரியும். கவனிக்காம இருக்கிறது நான் போடுற உத்தரவால நடக்காது. அது பயம் குறைஞ்சப்புறம் தானா நடக்கிற ஒரு விளைவு.

“பார்க்க நல்லாத்தானே இருக்க?” ஒரு பிறந்தநாள் பார்ட்டியில மியூசிக் ஏத்தினதும் நான் கிளம்பினேன். “எப்பப் பார்த்தாலும் சீன் போடுறா”ன்னு பின்னாடி ஒரு குரல். கையில மாவுக்கட்டு இருந்திருந்தா ஆட்டோ பிடிச்சுக் கொடுத்திருப்பாங்க.

“பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி விடு.” இதை நிறைய பேர் சொன்னாங்க. தயவுசெஞ்சு காதுக்குள்ள எண்ணெய் எதையும் விடாதீங்க. பிரச்சினை இருக்கிற இடத்துக்கு அது போகவும் போகாது, செவிப்பறையில ஓட்டை இருந்தா ஆபத்தும்கூட.

இதுல எதையும் கெட்ட எண்ணத்துல யாரும் சொல்லல. ஆனா ஒவ்வொண்ணும் ‘உன் கஷ்டம் நீ சொல்ற அளவுக்கு இல்ல’ன்னு எனக்குக் கேட்டுச்சு. அதனால நான் சொல்றதையே நிறுத்திட்டேன். தனியா காவல் காக்கிற மூளைக்கு அதுதான் இன்னும் மோசம்.

அவரைக்காய் உரிச்ச சாயங்காலம்

என் அம்மா பண்ணதை மட்டும் தனியா சொல்லணும். எனக்கு உடம்பு சரியில்லைன்னா அம்மாவுக்குத் தெரிஞ்ச வைத்தியம், வீட்டை அமைதியா வைக்கிறது. நான் ரூமுக்குப் போனா டிவியை அணைச்சுடுவாங்க. ஃபேனைக் குறைப்பாங்க. தெருச் சத்தம் வராம ஜன்னலைச் சாத்துவாங்க. “சத்தம் இல்லாம இருந்தா நல்லா தூங்குவ.” ஒவ்வொரு ராத்திரியும் அன்போட என்னை அந்த 1953 அறைக்குள்ள வச்சுப் பூட்டினாங்க.

ஒரு சாயங்காலம் அம்மா ஹால்ல அவரைக்காய் நார் உரிச்சுட்டு இருந்தாங்க. நான் லேப்டாப்ல டோன் ஜெனரேட்டரைத் திறந்து, என் காதுல கேட்கிறதோட ஒத்துப்போற வரைக்கும் நகர்த்தினேன். 6,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல வந்து நின்னுச்சு. சன்னமான வால்யூம்ல ஓட விட்டுட்டு ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்தேன்.

ரெண்டு நிமிஷம்கூட ஆகல. “என்னடி அது? நிறுத்து, தலை வலிக்குது.”

நிறுத்தினேன். “உனக்கு நின்னுடுச்சும்மா”ன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் அம்மா எதுவும் பேசல. அப்புறம் “ராத்திரியுமா?”ன்னு கேட்டாங்க. ராத்திரிதான் அதிகம், எல்லாம் அமைதியாயிடுச்சுன்னா அது மட்டும்தான் கேட்கும்னு சொன்னேன். “அப்போ நான் ஃபேனை அணைச்சது...” ஆமாம்மான்னேன். அன்னைக்கு ராத்திரி என் கட்டில் பக்கத்துல பழைய டேபிள் ஃபேன் இருந்தது. பரண்ல கிடந்தது, ‘கிர்ர்’னு சத்தம் போடும், அதனாலயே ஒதுக்கி வச்சது. அதுக்கப்புறம் அம்மா என்கிட்ட ‘ஒண்ணும் இல்லையாமே’ன்னு சொன்னதே இல்ல.

அந்த வருஷம்தான் பெட்ரிக் ஸ்மெட்டனா பத்திப் படிச்சேன். செக் நாட்டு இசையமைப்பாளர். 1874ல கேட்கும் திறன் முழுசா போச்சு, காதுக்குள்ள இரைச்சல் மட்டும் மிச்சம். 1876ல ‘என் வாழ்க்கையிலிருந்து’ன்னு நாலு பேர் வாசிக்கிற ஒரு ஸ்ட்ரிங் குவார்ட்டெட் எழுதினார். கடைசிப் பகுதி உற்சாகமா போயிட்டு இருக்கும்போது திடீர்னு எல்லாம் நின்னு, வயலின்ல மிக உச்சத்துல ஒரே ஒரு ஸ்வரம் நீளமா ஒலிக்கும். அது அவர் காதுல கேட்ட சத்தம். நான் அவரைக்காய்க்கு முன்னாடி பண்ணதை அவர் 140 வருஷத்துக்கும் முன்னாடி மேடையில பண்ணியிருக்கார். சொல்லிப் புரிய வைக்க முடியாததை, கேட்க வச்சிருக்கார்.

அப்போ என்னதான் வழி?

முதல்ல, எப்போ உடனே டாக்டர்கிட்ட போகணும்னு சொல்லிடறேன். ஒரு காதுல திடீர்னு கேட்கிறது குறைஞ்சா அன்னைக்கே இஎன்டியைப் பாருங்க. அது அவசரம், ஸ்டீராய்டு சிகிச்சை சீக்கிரம் ஆரம்பிக்கிறது முக்கியம். சத்தம் ஒரு காதுல மட்டும் விடாம இருந்தாலும், நாடித்துடிப்போட சேர்ந்து ‘டப் டப்’னு கேட்டாலும், தலைசுற்றலோட வந்தாலும் தள்ளிப் போடாம பரிசோதிக்கணும். காது அழுக்கு, நடுக்காதுப் பிரச்சினை, சில மருந்துகள் இதெல்லாமும் காரணமா இருக்கலாம். அதுல சிலதைச் சரிபண்ண முடியும்.

அந்தக் காரணங்கள் எதுவும் இல்லாம நீடிக்கிற டின்னிட்டஸை முழுசா போக்குற மாத்திரை இன்னைக்கு இல்ல. அமெரிக்க இஎன்டி மருத்துவர்கள் சங்கம் 2014ல வெளியிட்ட வழிகாட்டி, ஜிங்கோ பிலோபா, ஜிங்க் மாதிரியான சப்ளிமென்ட்களைப் பரிந்துரைக்க வேண்டாம்னு சொல்லுது. நான் மூணு மாசம் அதுக்குச் செலவு பண்ணினதுக்கப்புறம்தான் இதைப் படிச்சேன். அதே வழிகாட்டி, கேட்கும் திறன் குறைஞ்சவங்களுக்கு ஹியரிங் எய்டையும், படுற கஷ்டத்தைக் குறைக்க சிபிடிங்கிற மனநல சிகிச்சை முறையையும் பரிந்துரைக்குது. சத்தத்தை இது குறைக்காது. சத்தத்தால வர்ற துன்பத்தைக் குறைக்கும். இதுவரைக்கும் நல்ல ஆதாரம் இருக்கிற வழிகள்ல இது முதல் வரிசையில இருக்கு.

சைக்காலஜிஸ்ட்கிட்ட போகணும்னு சொன்னப்போ எனக்கே கோபம் வந்தது. ‘அப்போ எல்லாம் என் கற்பனைன்னு சொல்றீங்களா?’ன்னு கேட்டேன். அவங்க பொறுமையா சொன்னாங்க. சத்தம் நிஜம், அதை நான் தொடப்போறதில்ல, அதைச் சுத்தி வளர்ந்திருக்கிற பயத்தோடதான் எனக்கு வேலைன்னு. ராத்திரி வர்ற எண்ணத்தை நோட்டுல எழுதச் சொன்னாங்க. நான் எழுதினது: ‘அமைதி போச்சு, வாழ்க்கையும் போச்சு.’ அதுல எது நடந்தது, எது நான் சேர்த்ததுன்னு கேட்டாங்க. அமைதி போனது நிஜம். அதுக்காக அழவும் செஞ்சேன். ரெண்டாவது பாதி நான் சேர்த்தது.

கூடவே சின்னச் சின்ன மாற்றங்கள். ராத்திரி ஃபேன் சத்தமோ மழைச் சத்தமோ ஓடும். டின்னிட்டஸை மூழ்கடிக்கிற அளவுக்கு இல்ல, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கேட்கிற அளவுக்கு. ஜாஸ்ட்ரபாஃப் முறையில அப்படித்தான் சொல்வாங்க. முழுசா மறைச்சுட்டா மூளைக்குப் பழக வாய்ப்பே கிடைக்காதுங்கிறது காரணம். கச்சேரி, கல்யாண மண்டபம்னா இயர்ப்ளக். ஆனா வீட்டுல, தெருவுல சும்மா சும்மா காதை அடைக்கிறதில்ல. அது இன்னும் கெயினைக் கூட்டச் சொல்றதுக்குச் சமம்.

25 கேள்வி இருக்கிற ஒரு கேள்வித்தாள் இருக்கு, 1996ல இருந்து உலகம் முழுக்கப் பயன்படுத்துறாங்க. தூங்க முடியுதா, எரிச்சல் வருதா, இதுல இருந்து தப்பவே முடியாதுன்னு தோணுதா, இப்படிக் கேட்கும். நூறுக்கு மார்க், அதிகமானா பாதிப்பு அதிகம். முதல் தடவை எனக்கு 72. ‘கடுமை’ங்கிற வரிசை. போன மாசம் 34. ‘லேசானது’. டோன் ஜெனரேட்டர்ல சத்தத்தையும் திரும்ப ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே 6,000 ஹெர்ட்ஸ், அதே வால்யூம். சத்தம் ஒரு துளிகூடக் குறையல. மார்க் மட்டும் பாதிக்கும் கீழ வந்திருக்கு.

அதனால அந்த டாக்டர் சொன்ன ‘பழகிடும்’ தப்பில்ல. ஆனா அது தானா பழகாது. பழக வைக்கணும். அதுக்கு ஆள் வேணும், நேரம் வேணும், நம்மள நம்புறவங்க வேணும். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி பத்து நிமிஷம் பேசியிருந்தா, எனக்கு எட்டு மாசம் மிச்சமாயிருக்கும்.

பக்கத்துல இருக்கிறவங்களுக்கு

உங்க ஃப்ரெண்டுக்கோ, ரூம்மேட்டுக்கோ, வீட்டுல யாருக்காவதோ இது இருந்தா நாலு விஷயம்.

நம்புங்க. ஆதாரம் கேட்காதீங்க, அவங்களால காட்ட முடியாது.

இடத்தை அவங்க தேர்ந்தெடுக்கட்டும். ஹோட்டல்ல ஸ்பீக்கருக்குத் தள்ளி ஒரு டேபிள், சீக்கிரம் கிளம்பினா கேள்வி கேட்காம ஒரு ‘பை’, இது போதும்.

தினமும் ‘சத்தம் எப்படி இருக்கு?’ன்னு கேட்காதீங்க. மறந்திருந்த அஞ்சு நிமிஷத்துல அது ஞாபகப்படுத்திடும். ‘நீ எப்படி இருக்க?’ன்னு கேளுங்க. சத்தத்தைப் பத்திப் பேசணும்னா அவங்களே பேசுவாங்க.

மோசமான ராத்திரிகளைச் சின்னதா நினைக்காதீங்க. தூக்கமில்லாம பல வாரம் போனா, இனி வாழவே வேண்டாம்ங்கிற எண்ணம்கூட வரலாம். எனக்கு அதோட நிழல் வந்துட்டுப் போயிருக்கு. அப்படி வந்தா தனியா இருக்காதீங்க, யாரையாவது எழுப்புங்க. மத்திய அரசோட டெலி மானஸ் உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயும் பேசலாம்.

இதை இயர்போன்ல கேட்டுட்டு இருக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும். 90 டெசிபல்னா வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். பத்து டெசிபல் ஏறினதும் நேரம் பத்துல ஒரு பங்காயிடுது. பஸ் சத்தத்தைத் தாண்டிக் கேட்கணும்னு நாம ஏத்துற அந்த ரெண்டு மூணு கோடு சின்ன விஷயம் இல்ல. இப்பவே ஒரு கோடு குறைச்சுடுங்க, நான் சொல்றது அப்பவும் கேட்கும்.

இன்னைக்கு அவ்வளவுதான். உங்களுக்கும் இந்தச் சத்தம் இருந்தா, நீங்க சொல்றதை நான் நம்புறேன். அடுத்த எபிசோட்ல வழக்கம்போல ஒரு விருந்தினரோட வர்றேன்.

இப்போ யாரும் எழுந்திருக்காதீங்க. ரூம் டோன் எடுக்கணும். முன்னாடியெல்லாம் இந்த முப்பது செகண்டுக்குப் பயந்து, எடிட்டரை எடுத்துக்கச் சொல்லிட்டு வெளியே போய் நின்னுடுவேன். இப்போ உள்ளேயே உட்கார்ந்திருக்கேன். ஏசி கேட்குது. அதுவும் கேட்குது.